மூடி திறக்காமல் ஒட்டிய நம்பர்

எழுத்தை நான் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். நம்பர் அப்படியில்லை. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சொல்லிவிடுவேன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ரூமில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். அட்டைப்பெட்டிக்கு நம்பர் லேபிள் ஒட்டும் இடத்தில் கடைசிவரை நான்தான் தலை. ஒவ்வொரு சரக்குக்கும் இங்கிலீஷில் ஒரு எழுத்து, பின்னால் இரண்டு எண். தரைச்சக்கரத்துக்கு ஒன்று, புஸ்வாணத்துக்கு ஒன்று, சரவெடிக்கு ஒன்று. வடக்கே இருக்கிற கடைக்காரன் பெட்டியைப் பிரிக்க மாட்டான். நம்பரைப் பார்த்துத்தான் அடுக்குவான், நம்பரைப் பார்த்துத்தான் விற்பான். அதனால் ஒட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒரு சரக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து நின்று, இது சக்கரம்தான் ஒட்டு என்று சொன்னாலும் நான் திறந்துதான் பார்ப்பேன். சீசன் நேரத்தில் லாரி வாசலில் நின்று ஆரன் அடித்தாலும் பார்ப்பேன். என் கையைத் தாண்டித் தப்பு நம்பரோடு ஒரு பெட்டி போனதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட என்னிடம் வேறு படிப்பு இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் மூடியைத் திறக்காமல் எனக்கு ஒரு நம்பர் ஒட்டினார்கள்.

இரண்டு வருடமாக எனக்கு உடம்பு அரித்தது. உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு. தடிப்பு இல்லை, புண் இல்லை, அரிப்பு மட்டும். போன இடத்திலெல்லாம், எந்த ஊர் என்று கேட்பார்கள். தாயில்பட்டி என்பேன். அதற்கு மேல் யாரும் என் கையைக்கூடப் பார்க்கவில்லை. பட்டாசு மருந்துத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் கம்பெனியை விட்டே ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆறு வருடமாக எந்தத் தூசி என்னைத் தேடி வீட்டுக்கு வந்து ஒட்டியதோ தெரியவில்லை.

பிறகு கண் மஞ்சளானது. நாலு எட்டு நடந்தால் உட்காரச் சொன்னது உடம்பு. மகன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறான். லீவு போட்டுவிட்டு விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பேர் வேண்டாம். பெரிய கட்டடம், ஏகப்பட்ட கண்ணாடி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஈரல் காய்ந்து முடிச்சு முடிச்சாய் இருக்கிறது என்றார்கள். படுக்கையில் போட்டார்கள்.

அங்கே ஒரு சின்ன டாக்டரம்மா கேள்வி கேட்க வந்தாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை. அட்டையில் வைத்த காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பாட்டி, குடிப்பழக்கம் உண்டா?"

"பழக்கமெல்லாம் இல்ல."

"ஒரு தடவைகூடக் குடிச்சது இல்லையா?"

அது வேறு கேள்வி. வைத்தியம் பார்க்கிறவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. குடித்திருக்கிறேன் என்றேன். என்ன குடித்தீர்கள் என்றாள். பிராந்தி என்றேன். எத்தனை நாள் என்றாள்.

"மூணு தடவை. தடவைக்கு நாப்பது நாள். காலையில ஒருக்க, பொழுதடைய ஒருக்க."

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பிராந்தி கொடுப்பார்கள். உடம்பு இறுக வேண்டும், குளிர் அண்டக் கூடாது என்று சொல்லி, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கில் ஒரு சங்கு அளந்து, மாமியார் பக்கத்தில் நின்று மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவாள். எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்று நாற்பது நாள். இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எழுபதை நெருங்குகிற பொம்பளை மூன்று தடவை நாற்பது நாள் என்றால் வேறு என்ன கணக்கு இருக்கும்? ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்த டாக்டரம்மா எந்த ஊரோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி ஒரு காகிதம். நோய் பேருக்கு நேராக ஒரு நம்பர் அடித்திருந்தது. K, எழுபது, ஒரு புள்ளி, மூன்று. நம்பர் என்பதால் என் மனதில் நின்றது. என்ன சரக்கு என்று தெரியாது.

மூன்று வாரம் கழித்துப் போனேன். மகனுக்கு ஆர்டர் வேலை, லீவு கிடைக்கவில்லை. தனியாகத்தான் பஸ் ஏறினேன். சீட்டுப் போடுகிற இடத்தில் ஒரு பெண் என் காகிதத்தை வாங்கி, கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டி, பதினொன்றாம் அறைக்குப் போகச் சொன்னாள். டாக்டர் அங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டேன். முதலில் அங்கே, பிறகு டாக்டர் என்றாள்.

பதினொன்றாம் அறை வாசலில் ஒரு நீளப் பெஞ்சி. ஏழெட்டு ஆம்பளைகள். கை நடுங்குகிறவன் ஒருவன், வயிறு பானை மாதிரி வீங்கினவன் ஒருவன், காலையிலேயே நாறுகிறவன் ஒருவன். நாறுகிறவன் பக்கத்தில்தான் இடம் இருந்தது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆத்தா, யாருக்குத் துணைக்கு வந்திருக்கீக?"

"எனக்குத்தாம்லே."

அவன் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடைல வாங்குவீக? எங்க ஊர்ல பொம்பளயாளுக்குக் குடுக்க மாட்டேங்கானே" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் மடியில் அவன் காகிதம் விரித்தபடி கிடந்தது. K, எழுபது, புள்ளி, மூன்று.

இந்தப் பக்கம் இருந்தவன் காகிதத்தை எட்டிப் பார்த்தேன். K எழுபது. அதற்கு அடுத்தவன், K எழுபது. ஒரே சரக்கு, ஒரே பெட்டி வரிசை. நடுவில் நான்.

அந்த நேரம் என் மனதில் வந்தது என் வீட்டுக்காரர்தான். அவரும் இதே பெஞ்சியில் உட்கார வேண்டிய ஆள். பட்டாசு மருந்து கலக்குகிற ஷெட்டில் வேலை. மருந்துத் தூசி நெஞ்சில் படிந்துவிடும், ஒரு குவார்ட்டர் போட்டால்தான் கழுவும் என்று அந்த ஷெட்டில் எல்லா ஆம்பளைகளும் சொல்வார்கள், அவரும் சொல்வார். அதே காற்றை நானும்தான் மூச்சில் இழுத்தேன். நான் பழைய சோற்று நீச்சத்தண்ணி குடித்தேன், எனக்குக் கழுவியது. அந்த மனுஷனுக்கு மட்டும் கடைச்சரக்குதான் கழுவும். வேலை இல்லாத நாளிலும் கழுவினார். பொங்கலுக்கும் கழுவினார். பெரிய மகள் சடங்கன்று சொந்தபந்தம் முன்னால் பந்தலிலேயே விழுந்து கிடந்தார். கடைசியில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்தமாய் வாந்தி எடுத்துப் போனார். நான் அழவில்லை. என்ன கல்நெஞ்சு என்றார்கள். அழுவதற்கு அவர் என்ன வேலை பார்த்துவிட்டுப் போனார்?

அறைக்குள்ளே ஒரு பையன், புத்தம் புது மீசை. சட்டைப்பையில் மூன்று பேனா. என்னைப் பார்த்ததும் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டான். எத்தனை வயதில் ஆரம்பித்தீர்கள், என்ன மனக்கவலை, வீட்டில் யாராவது கொடுமை செய்கிறார்களா என்றெல்லாம் கேட்டான். நான் குடிக்கவில்லை என்றேன். தலையை ஆட்டினான்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க பாட்டி. ஒத்துக்கிறதுதான் முதல் படி."

என் ஆயுசில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இரக்கமாம். பந்தலில் விழுந்து கிடந்தவரின் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, இழுத்துப் போட்டுவிட்டு, மகளுக்கு ஆரத்தி எடுத்தவள் நான். என்னைப் பார்த்து இரக்கப்பட இவன் யார்? எழுந்து வந்துவிட்டேன். படிகளை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அன்று டாக்டர் இல்லையாம். சீட்டுப் போடுகிற பெண் சொன்னாள். மஞ்சள் கண்ணோடும் அரிப்போடும் பஸ் ஏறினேன்.

வீட்டில் மருமகள் வேலையில் இருந்தாள். அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லாங்கிணறுப் பெண். அப்பா டீக்கடை. காலேஜ் முடித்துவிட்டு, மதுரையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் காகிதத்தைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் நம்பர் போட வேண்டும். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாயில்பட்டியில் உட்கார்ந்து நம்பர் போடுகிறாளாம். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் லேபிள் ஒட்டுகிற வேலை என்று அவள் காதுபடவே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன். அவள் பதில் பேசியதில்லை. பேசாத மருமகள் பொல்லாதவள் என்பது என் நினைப்பு.

காகிதத்தை அவள் முன்னால் போட்டேன். இந்த நம்பர் என்ன என்று கேட்டேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அத்தை."

"என்ன தெரியும்?"

"குடியினால ஈரல் கெட்டதுக்கு உள்ள நம்பர் அது."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. மூன்று வாரமாக அலமாரியில் இருந்த இருமல் மருந்தைக் காணவில்லை. நான் குடித்து வைத்த தம்ளரை அவள் எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனதை ஒருநாள் பார்த்தேன், ஏதோ பால் வாடை பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் நான் கடைக்குப் போனால் பின்னாலேயே ஏதாவது சாமான் வாங்க அவளுக்கும் வேலை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நம்பரைப் படித்துவிட்டாள். புருசனிடம்கூடச் சொல்லாமல், மாமியார் ஒரு குடிகாரி என்று மூன்று வாரம் மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"நீயும் நம்பிட்டியாக்கும்?"

"நம்பர் போட்டிருக்கே அத்தை. சும்மாவா போடுவாக?" என்றாள். பிறகு கேட்டாள். "டாக்டர்ட்ட நீங்க என்ன சொன்னீக? சொன்னது சொன்னபடி சொல்லுங்க."

சொன்னேன். டாக்டரம்மாவிடம் சொல்லாமல் விட்ட சங்குக் கதைக்கு வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு ஆத்திரம். சிரித்து முடித்துவிட்டுத்தான் சங்கதியைச் சொன்னாள். நம்பர் போடுகிறவர்களைக் கேட்டுப் பலன் இல்லையாம். டாக்டர் எழுதாத நோய்க்கு அவர்கள் நம்பர் போட முடியாது, எழுதிய நோயை விடவும் முடியாது. டாக்டர் எழுத்தை மாற்றினால்தான் நம்பர் மாறும். அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னாள். குடியினால் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் வேறு காரணத்தை யாரும் தேட மாட்டார்கள். குடியை விடு என்பதுதான் வைத்தியம். குடிக்காதவளுக்கு விடுவதற்கு என்ன இருக்கிறது? நிஜமான நோய் உள்ளே உட்கார்ந்து ஈரலைத் தின்றுகொண்டே இருக்கும்.

மறுநாள் அவளே லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். என் பழைய காகிதங்களெல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருக்கும், மொத்தமாக எடுத்துக்கொண்டாள். சீட்டுப் போடுகிற பெண் மறுபடியும் பதினொன்று என்றாள். என் மருமகள் குரலை உயர்த்தாமல் இங்கிலீஷில் என்னமோ சொன்னாள். அந்தப் பெண் முகம் சுண்டி, பெரிய டாக்டர் அறையைக் காட்டினாள். பேசாத மருமகளுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

பெரிய டாக்டருக்கு என் வயது இருக்கும். கேஸ் காகிதத்தைப் படித்தார். மூன்று தடவை, நாற்பது நாள், காலையும் மாலையும் என்பதை விரலால் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

மூணு என்றேன். அவர் அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வரியை அடித்தார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறார். அந்தச் சின்ன டாக்டரம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி, மூணு நாப்பது என்றால் என்ன என்று அவர் ஒருநாள் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தோடு முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன். அவர் மஞ்சள் பையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். கீழே கிடந்த ஒரு பழைய தாளை எடுத்து நேரம் எடுத்துப் படித்தார். என் வீட்டுக்காரர் போனபோது வேறொரு டாக்டர் கொடுத்த தாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு வைரஸ் காமாலையா? அப்படின்னா அது ஒங்களுக்கும் தொத்தியிருக்கலாம்மா. முதல்ல அந்த வழியில பார்த்துருவோம். ஒங்க பிள்ளைங்களையும் பார்க்கணும்." எழுத ஆரம்பித்தார்.

எழுந்திருக்கப் போனவள் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாளில் B, பத்தொன்பது என்று போட்டிருக்கும், எனக்குத் தெரியும். ஏனென்றால் அதைப் போட வைத்ததே நான்தான். அந்த மனுஷன் சாகக் கிடந்தபோது மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தோம். தகப்பன் குடித்துச் செத்தான் என்று காகிதத்தில் இருந்தால், மகனும் அதே வழிதான் என்று பெண் கொடுக்க யோசிப்பார்கள். அந்த டாக்டரின் அறை வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றேன். குடி என்று எழுதாதீகய்யா, காமாலை என்று எழுதுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஆயுசில் நான் யாரையும் கும்பிட்டு நின்றது அந்த ஒரு தடவைதான், அதுவும் என் வீட்டுக்காரர் குடிக்காக. அந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை ஒரு சாக்காக வைத்து மல்லாங்கிணறில் சம்பந்தம் பேசி முடித்தேன். காமாலைதான், பாவம், நல்ல மனுஷன் என்று என் வாயால் சொன்னேன்.

உள்ளே சரவெடியை வைத்து மேலே சக்கரத்து நம்பரை ஒட்டினவள் நான். முப்பது வருடம் கம்பெனியில் செய்யாததை வாழ்க்கையில் ஒரு தடவை செய்தேன். அது சுற்றி வந்து என் வாசலிலேயே நிற்கிறது.

டாக்டர் பேனா ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மருமகள், யாரிடம் இந்தப் பொய்யைச் சொன்னேனோ அந்த வீட்டுப் பெண். பேசாமல் இருந்தால் என் பெருமை நிற்கும். ஆனால் மறுபடியும் தப்பு வழியில் தேடுவார்கள்.

"அய்யா, அந்த நம்பர் பொய். குடிச்சுத்தான் செத்தாரு. நாந்தான் மாத்தி எழுதச் சொன்னேன்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். நான் மருமகள் பக்கம் திரும்பவில்லை. சுவரில் ஈரல் படம் ஒன்று மாட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள்தான் பேசினாள். சத்தம் இல்லாமல், கூட்டல் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எங்களுக்குத் தெரியும் அத்தை. பொண்ணு பாக்க வாரதுக்கு முந்தியே எங்க அப்பா கடையில ஒங்க ஊருக்காரக நாலு பேர் டீ குடிச்சிட்டுப் போயிட்டாக."

"தெரிஞ்சுமா குடுத்தாக?"

"ஒங்க மகனத் தனியா விசாரிச்சாக. அவரு குடிக்கலன்னு தெரிஞ்சது. அம்புட்டுதான்."

ஆக அந்தத் தாளை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அதை நம்பிப் பத்திரமாகப் பையில் வைத்திருந்தது நான் ஒருத்திதான். கும்பிட்ட கும்பிடு வீண். அந்த மனுஷன் செத்தும் என்னைக் கேவலப்படுத்தினார்.

டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று வைரஸையும் சேர்த்துத்தான் எழுதினார், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. என் கையை வாங்கிப் பார்த்தார். அரிப்பு எத்தனை நாளாய் என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். இன்னொரு ரத்தச் சோதனையும் எழுதினார், அது மதுரைக்குப் போய் வந்தது. வைரஸ் இல்லை. பித்தம் ஓடுகிற சின்னச் சின்னக் குழாய்களை உடம்பே பகையென்று நினைத்து அரிக்கிற ஒரு நோயாம். பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். குடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரை இருக்கிறது, ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். கெட்ட இடம் திரும்பாது, இருக்கிற இடத்தைக் காப்பாற்றலாம் என்றார். புதுக் காகிதத்தில் K, எழுபத்து நான்கு, புள்ளி, மூன்று. மருமகளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். சரி என்றாள். அவள் சரி என்றால் சரி. சரக்கைப் பார்க்காமல் ஒட்டுகிற வேலை என்று நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

அரிப்பு முக்கால்வாசி குறைந்துவிட்டது. கண் வெளுத்துவிட்டது.

பதினொன்றாம் அறையில் மட்டும் என் பேரை இன்னும் அடிக்கவில்லை. நாலு தடவை சொல்லியாயிற்று. மருமகள் எழுதியும் கொடுத்தாள். அது வேறு ரிஜிஸ்டராம், அதற்கு வேறு ஆள் வர வேண்டுமாம். மாசம் தவறாமல் அங்கிருந்து ஒரு பெண் போன் பண்ணுகிறாள். குரல் தேன் மாதிரி. பாட்டி, இந்த மாசம் குடிச்சீங்களா, உண்மையைச் சொல்லுங்க என்கிறாள். முதலில் கத்தினேன். இப்போது கத்துவதில்லை. போன மாசமும் கூப்பிட்டாள்.

"இல்ல தாயி. அடுத்த பிள்ள பெத்ததும் நானே சொல்லியனுப்புறேன்" என்றேன்.

சரி பாட்டி, குறிச்சுக்கிட்டேன் என்றாள்.